நாற்பத்தொரு விநாடி

பகாவ் டவுனைத் தாண்டி, செம்பனை எடைமேடைக்குப் பின்னால்
முன்பு தோட்ட ஆஸ்பத்திரியாக இருந்த கட்டடம்.
இப்போது இல்லம். கட்டில்கள் இருபத்தாறு.
கதவுக்குப் பூட்டுக் கிடையாது,
கழற்றி ஆறு வருஷமாகிறது என்றார் மேற்பார்வையாளர் ஹலிமா.
ஆனாலும் மரியசூசை அதன் முன்னால் நிற்கிறார்
யாராவது வந்து திறக்க.

என் வேலை சின்னது.
தட்டில் இரண்டு பிஸ்கட்: க்ரீம் ஒன்று, உப்பு ஒன்று.
"உங்களுக்கு எது வேணும்?"
கேட்டு முடித்ததிலிருந்து
கை நீளும்வரை கடிகாரம் ஓடும்.
தேர்வுத் தாமதம் என்று அதற்குப் பெயர்.

"எல்லாருக்கும் என்னவோ அதுவே" என்றார் முதலில்.
படிவத்தில் அதற்கும் ஒரு கட்டம் இருக்கிறது.
மறுபடி கேட்டேன்.
மின்விசிறியைப் பார்த்தார். என் செருப்பைப் பார்த்தார்.
நாற்பத்தோராவது விநாடியில்
உப்பு பிஸ்கட்டை எடுத்துச்
சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.
தின்னவில்லை.

இங்கே எத்தனை வருஷம்? முப்பத்துமூன்று.
அதற்கு முன்?
"தோட்டத்துலதான். நாலரைக்குச் சங்கு, அஞ்சரைக்குப் பெரட்டு.
வீடு கம்பெனிது; வேலை நின்னா வீடும் நின்னுரும்.
காய்ச்சல்னா இதே கட்டடம்தான்.
டிரஸர் சொன்னாத்தான் காய்ச்சல்."
சிரித்தார், பாதிப் பல்லில்.

இல்லம் ஒரு மனிதனை என்ன செய்தது என்றறிய
இல்லத்தில் வாழாத இன்னொருவன் வேண்டும்,
அதே வயதில், அதே ஊரில்.
ஒப்பீட்டுக் குழு என்போம்.
என் பட்டியலில் பதினெட்டுப் பேர்.
பதினாறு பேர் லயத்தில் பிறந்தவர்கள்.
என் அப்பாவையும் சேர்த்திருக்கலாம்:
டவுன் வீட்டுக்கு வந்து ஒன்பது வருஷம்,
இன்றும் நாலரைக்கு எழுந்து
விளக்குப் போடாமல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்,
பூட்ஸ் மாட்டிக்கொண்டு.

இதை 'ஆய்வின் வரம்புகள்' பகுதியில் ஒரு வரியாக எழுதினேன்.
பேராசிரியர் அரை வரியாக்கினார்.

நான்கு மணிக்கு மணி அடித்தது.
மரியசூசை பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்தார்,
கோப்பியில் நனைத்துத் தின்றார்,
எல்லாரோடும்.

ஒரே காணொளியை இருவர்
தனித்தனியே பார்த்துக் குறியிட வேண்டும் என்பது விதி.
ஃபரிடா 'காத்திருப்பு' என்று போட்டிருக்கிறாள்:
மணியடிக்காமல் தின்னத் தெரியாதவர்.
நான் 'தேர்வு' என்று:
கோப்பிக்கு உப்பு பிஸ்கட்தான் சரி என்று
எடுத்துவைத்துக்கொண்டவர்.

பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள் என்கிறது மின்னஞ்சல்.
மூன்று வாரமாகிறது.
அந்தக் கை பைக்குள் போகுமிடத்தில்
நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறோம்.