மைனஸ் ஒன்று

வில்சன் கார்டன் பத்தாவது கிராஸில்
டயர்க் கடைக்கு மேலே ஓர் அறை.
ஞாயிற்றுக்கிழமை. மழை. கரண்ட் இல்லை.
ஒன்பது மடிக்கணினிகளின் வெளிச்சத்தில்
ஒன்பது தாடைகள்.

பட்டியலில் பத்தொன்பது பேர்.
பாதிப் பேராவது வந்தால்தான் முடிவு செல்லும்.
பத்தொன்பதில் பாதி ஒன்பதரை.
அரை ஆளுக்கு எங்கே போவது
என்று தஸ்னீம் கேட்டாள்.
யாரும் சிரிக்கவில்லை.
கொஞ்சம் கழித்து எல்லோரும் சிரித்தார்கள்.

பத்தொன்பதில் ஒருவர் பிலவேந்திரன்.
செத்து இரண்டு வருஷமாகிறது.
பேரை எடுத்துவிட்டால் பதினெட்டு,
பாதி ஒன்பது, கூட்டம் செல்லும்.
பேரை எடுக்க ஓட்டு வேண்டும்.
ஓட்டுக்குப் பத்துப் பேர் வேண்டும்.
ஹிரேமட் விதிகளை மேலும் கீழும் உருட்டினார்,
சட்டைப்பையில் சாவி தேடுகிறவர் மாதிரி.

அறையில் பத்தாவது ஆள் நான்.
கணக்கில் இல்லை. குறிப்பெடுப்பவள்.
பகலெல்லாம் கலாசிபாளையம் லாரி ஆபீஸில் பில் சரிபார்த்து
ராத்திரி இங்கே பிழை சரிபார்ப்பவள்.

எங்கள் மென்பொருள் சின்னது.
பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகளை
யூனிகோடுக்கு மாற்றித் தரும்:
பாடநூல், கல்யாணப் பத்திரிகை,
ஒருமுறை யாருடையதோ முழு விவாகரத்து வழக்கு.
காசு கிடையாது. யாரும் எடுக்கலாம், பிரிக்கலாம், திருத்தலாம்.
திருத்தியது உள்ளே போகலாமா என்பதை மட்டும்
பத்தொன்பது பேர் சொல்லவேண்டும்.

நான் முதலில் திருத்தியது கொம்பு.
கண்ணுக்கு எழுத்தின் முன்னால் நிற்பது
கணினிக்குள் எழுத்தின் பின்னால்தான் வரிசையில் நிற்கிறது.
மாற்றும்போது வழிதவறி
முந்தின எழுத்தோடு போய் ஒட்டிக்கொண்டிருந்தது.
பதினேழு வரி எழுதினேன்.
பிலவேந்திரன் பதினாறைத் திருப்பியனுப்பினார்.

எல்லாவற்றுக்கும் மைனஸ் ஒன்று போடுகிற மனிதர்.
புது லோகோவுக்கு. புது லோகோ வேண்டாம் என்பதற்கு.
பிரியாணி எந்தக் கடையில் என்பதற்கு.
ஆனால் காரணம் எழுதுவார்,
பக்கம் பக்கமாக, ஒரு கால்புள்ளி பிசகாமல்.
காரணமில்லாத எதிர்ப்பு வெறும் கோபம் என்பார்.

என்னை உறுப்பினராக்கலாமா என்று
ஹிரேமட் கேட்ட வியாழக்கிழமை
அவர் எழுதியது:
மைனஸ் ஒன்று. காரணம் பிறகு சொல்கிறேன்.

சனிக்கிழமை பௌரிங் ஆஸ்பத்திரி.

எதிர்த்தவரே திரும்பப் பெறும்வரை
எதிர்ப்பு நிற்கும்.
இதுவும் விதி. அவர் எழுதிய விதி.

தஸ்னீம்தான் கடைசியில் கண்டுபிடித்தாள்.
மூன்று நாள் யாரும் மறுக்காவிட்டால்
மௌனம் சம்மதம் என்று ஒன்று இருக்கிறதே.
பிலவேந்திரன் பெயரை நீக்கலாமா என்று
பிலவேந்திரன் உட்படப் பத்தொன்பது பேருக்கும்
அறிவிப்பு போனது. ராத்திரி பதினொன்றரை.
தட்டச்சு செய்தவள் நான்.

புதன்கிழமை அதே நேரம்
கம்மனஹள்ளி மாடியில், மறந்துபோன துணியை எடுக்கப் போய்
ஈரப் புடவைகளுக்கு நடுவே
போனைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
ஏதாவது கோளாறில், யார் கை தவறியாவது,
ஒரு மைனஸ் ஒன்று.

வரவில்லை.
முதல்முறையாக அந்த மனிதர்
எதையும் மறுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு அதே ஒன்பது பேர். பாதி.
ஒன்பது கையும் தூக்கின.
உறுப்பினர் அல்லாதவரின் எதிர்ப்பு செல்லாது,
சேர்க்க வேண்டாம் என்றார் ஹிரேமட்.
மெதுவாகத்தான் சொன்னார்.
கீழே டயர்க் கடையில் யாரோ காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

குறிப்பு எழுதுவது இன்னும் நான்தான்.
ஆதரவு ஒன்பது என்று எழுதினேன்.
கர்சர் துடித்தபடி காத்திருந்தது.
எதிர்ப்பு ஒன்று என்று எழுதினேன்.
காரணம்: பிறகு.