இடதுபுறச் சன்னல்

ஹாவெல்லா சிறிய கப்பல்.
பன்னிரண்டு பயணிகள், ஆறு பேர் நாங்கள்,
ஒரு துப்பாக்கி, இரண்டு ரப்பர் படகு,
எண்பது கிலோ கோதுமை மாவு.
மாவுக்கு நான் பொறுப்பு.

துருவத்துக்கு இவ்வளவு அருகில் வந்து
ஏழு கோடையாக நான் பார்த்ததெல்லாம்
தட்டகலச் சன்னல் ஒன்றின் வழியே.
மேல்தளத்தில் யாரோ "திமிங்கிலம்!" என்பார்கள்.
தலைக்கு மேல் பூட்ஸுகள் வலப்பக்கம் ஓடும்.
கப்பல் லேசாகச் சாயும், பானையில் சூப்பும் சாயும்.
அந்தச் சாய்வை வைத்தே சொல்லிவிடுவேன்
வந்தது நீலமா, மிங்க்கேவா என்று.

இந்தமுறை ஆறு நாளாகக் கரடி இல்லை.
வால்ரஸ் இருந்தது, வேண்டிய மட்டும் இருந்தது,
ஒன்றன்மேல் ஒன்று சரிந்து, ஏப்பம் விட்டு,
பதவி போன அமைச்சர்கள் மாதிரி.
பாறை முழுக்கக் கடற்பறவை, அதன் எச்ச நாற்றம்.
ஒரு நரி, குளிர்கால வெள்ளையைப் பாதி கழற்றியபடி.
ஆனால் நரிக்காக யாரும்
கடன் வாங்கிக்கொண்டு இங்கே வருவதில்லை.

இரவு, அதாவது கடிகாரம் மட்டும் இரவென்று சொல்லும் நேரத்தில்,
சாப்பாட்டு மேசையருகே ஐவிந் பலகையில் எழுதுவான்:
வால்ரஸ் நாற்பத்தொன்று. சீல் ஒன்பது. கரடி.
கரடிக்கு நேரே எதுவும் எழுதமாட்டான்,
பூஜ்யம்கூட.

நான்காம் அறை உல்ரிகே, பிரேமன் நகரத்துப் பல் மருத்துவர்,
கடல் ஒத்துக்கொள்ளாமல் இஞ்சித் தேநீர் கேட்டு வருவாள்.
கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு
"நாளைக்கு?" என்பாள்,
ஏதோ கரடியை நான்தான்
குளிர்பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருப்பதுபோல.

ஏழாம் நாள் மூடுபனி.
கரையோடு உறைந்த பனித்தளத்தில்
விலாவைச் சாய்த்து நின்றது கப்பல்.
வலப்புறத் தீவில் வால்ரஸ் கூட்டம் என்று
எல்லோரையும் படகில் ஏற்றிப் போனான் ஐவிந்.
கேப்டன் தூங்கினார். எஞ்சின் தூங்கியது.
ஒரு தட்டு ஏலக்காய் ரொட்டி அடுப்பில்,
அடுத்ததற்கு மாவு என் கையில்.

சன்னல் மங்கியது.
அடுப்பின் ஆவி என்று முழங்கையால் துடைத்தேன்.
போகவில்லை.
வெளிப்பக்கம் மங்கியிருந்தது.

மூச்சு கலைந்ததும் ஒரு மூக்கு.
பிறகு கண், சிறியது, தூக்கம் தெளியாதது.
வெள்ளையே இல்லை அது.
வார்டோவில் அம்மா வேலை பார்த்த மீன் ஆலையில்
ஆணியில் தொங்குமே ஏப்ரன், அந்த மஞ்சள்.
இடது காதில் ஆறிப்போன கிழிசல்.
விலாவை எண்ணலாம் போல இருந்தது.
முகர்ந்தது. மறுபடி முகர்ந்தது.
ஏலக்காய் அதற்கு என்னவென்று தெரிந்திருக்குமோ.

சுவரில் தொலைபேசி, ஒரே ஒரு பொத்தான்.
கையெல்லாம் மாவு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.
மாவைத் துடைக்க எத்தனை நொடி?
அழைத்தால் எஞ்சின் உறுமும்.
சட்டப்படி நாங்கள்தான் விலகிப் போகவேண்டும்.
வெகுதூரம் தள்ளி நின்று பன்னிரண்டு பேரும்
ஒரு மஞ்சள் புள்ளியைப் பார்ப்பார்கள்.
படகில் இருப்பவர்களையும் நினைத்தேன்,
ஐவிந்திடம் துப்பாக்கி இருப்பதையும் நினைத்தேன்.
நினைத்தும் அழைக்கவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

இதெல்லாம் பிற்பாடு கோத்த காரணங்கள்.
அப்போது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்,
என் பக்கத்துக் கண்ணாடியும்
மங்கிவிடக் கூடாதே என்று.

பின்னங்காலைக் கொஞ்சம் நொண்டியபடி
அது மூடுபனிக்குள் போனது.
கடைசியாக மறைந்தது பாதத்தின் அடிக்கறுப்பு.
அதற்குப் பிறகுதான் கருகல் வாடை.

அன்றிரவு பலகையில் மறுபடி வால்ரஸ். சீல். கரடி.
கத்தியால் ரொட்டியின் அடியைச் சுரண்டிக்கொண்டே
"நாளைக்கு?" என்றாள் உல்ரிகே.
அடுப்பு சரியில்லை என்றேன்.

காலையில் ஐவிந் படகில் நின்றபடி
கப்பலின் இடப்பக்கத்தைத் தேய்த்துக் கழுவினான்.
என் சன்னலுக்கு வந்ததும் தூரிகை நின்றது.
கண்ணாடியில் உள்ளங்கை அகலத்துக்குக்
காய்ந்த மூக்குத்தடம்,
அதற்குக் கீழே எச்சில் இழுத்த கோடு.
தடத்தின் வழியே என்னைப் பார்த்தான்.
நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்,
தேவைக்கு மேலேயே.

வாளியில் தண்ணீர் மொண்டான்.
அடுத்த சன்னலுக்குப் போனான்.