கடைசிச் சாண்

ஐந்தாம் முயற்சியில் லைசென்ஸ் கிடைத்த வாரம்
சார்ஜாவின் பழைய வண்டிச் சந்தைக்குப் போனேன்.
கையில் பதினாறாயிரம் திர்ஹம்,
காலில் இரவு டூட்டியின் வீக்கம்,
கூட சேகனா.
காயல்பட்டினத்துக்காரன், என்னைவிட ஆறு வயது சின்னவன்,
ஏழு வருடமாகச் சின்ன வண்டிகளை மட்டும்
திறந்து மூடுகிறவன்.
"பெரிய வண்டி நோவை வெளிய காட்டாது சிஸ்டர்.
சின்னது இருமிடும்."

முதலாவது வெள்ளை. ஜப்பான்.
மீட்டரில் அறுபத்திரண்டாயிரம்.
அவன் மீட்டரைப் பார்க்கவில்லை,
குனிந்து பிரேக் பெடலைத் தடவினான்.
ரப்பரின் வரிகள் போய்
பாதி தேய்ந்த சோப்பாக வழுக்கியது.
"அறுபத்திரண்டுலயே இப்படின்னா
ஓட்டினது யானையா இருக்கணும்."
விற்பவர் சிரித்தார். நானும்.
தினமும் பார்ப்பதுதானே:
வயது கேட்டால் ஐம்பது என்பார்கள்,
முழங்கால் எழுபது என்னும்.

இரண்டாவது நீலம். கொரியா.
பார்த்ததும் மனசு போய் அதில் உட்கார்ந்துகொண்டது.
ஏசி போட்ட நிமிடத்தில் நெற்றி குளிர்ந்தது;
நாற்பத்தைந்து டிகிரி வெயில்
கழற்றிவிட்ட செருப்புபோலக் கதவுக்கு வெளியே கிடந்தது.
திரை, கேமரா,
பின்னால் நகர்ந்தால் கூவும் ஒரு மணி.
விலையும் இரண்டாயிரம் கம்மி.
"இதுதான்" என்றேன்.

சேகனா பதில் பேசாமல்
டிரைவர் சீட் பெல்ட்டை இழுத்தான்.
மார்பைத் தாண்டி, மடியைத் தாண்டி,
எந்த உடம்பும் கேட்காத நீளத்துக்கு,
சுருள் தீரும் மட்டும்.
கடைசிச் சாணில் ஒரு பழுப்புக் கோடு.
கோட்டுக்கு அந்தப் பக்கம்
மாவுபோல மண்.

"தண்ணியில நின்ன வண்டி."

எந்தத் தண்ணீர் என்று நான் கேட்கவில்லை.
அந்தச் சித்திரையில்
எங்கள் தெருவில் நான்காம் நாளும் வடியவில்லை.
யூனிஃபாரத்தைப் பாலித்தீன் பையில் முடிந்து
தலையில் வைத்துக்கொண்டு
இடுப்பளவில் நடந்து டூட்டிக்குப் போனேன்.
வழியெல்லாம் வண்டிகள்,
அலாரம் கத்திக் கத்தித் தொண்டை கட்டியவை.
ஒன்றின் முன்விளக்கு மட்டும்
தண்ணீருக்கடியில் எரிந்துகொண்டிருந்தது.
நின்று பார்த்தேன், எதற்கென்று தெரியாமல்.
அது நீலமா?
இருட்டில் எல்லாம் ஒரே நிறம்.

கழுவியிருக்கிறார்கள். மல்லிகை சென்ட் அடித்திருக்கிறார்கள்.
உள்ளே ஒயர் முனைகளில்
பச்சை பூத்துக்கொண்டிருக்கும் என்றான் சேகனா.
"ஓடும். நல்லாவே ஓடும்.
ஒருநாள் ராத்திரி ரெண்டரைக்கு
தைத் ரோட்டுல, மணலும் நீங்களுமா இருக்கறப்ப,
ஒண்ணுமே சொல்லாம நின்னுடும்."

மூன்றாவதைப் பற்றிச் சொல்ல அழகாக ஒன்றுமில்லை.
சாம்பல் நிறம், பதினோரு வயது, மறுபடி ஜப்பான்.
டேஷ்போர்டு வெயிலில் வெடித்துக்
கோடை ஏரிபோல இருந்தது.
பின் கதவை இரண்டு முறை அறைய வேண்டும்.
ஏசி குளிரும், அவசரப்படாது.

விற்றவள் ரோவேனா. மணிலாவுக்குத் திரும்புகிறாள்.
சாவியோடு ஒரு நோட்டும் கொடுத்தாள்:
ஆயில் மாற்றிய தேதிகள்,
நாலு பேட்டரி, ரெண்டு ரேடியேட்டர்,
ஃபுஜைரா போகிற வளைவில் ஒருமுறை இடித்தது,
தப்பு யார்மேல் என்பது உட்பட.
அவள்மேல்தான்.
இவ்வளவு சுத்தமான கேஸ் ஷீட்டை
எங்கள் வார்டில்கூட நான் கண்டதில்லை.

"எத்தனை வருஷம் ஓடும்?"
சேகனா டயரில் பொறித்த நாலு எண்ணைப் படித்துக்கொண்டே
"உங்க விசா எத்தனை வருஷம்?" என்றான்.
"ஒன்றரை பாக்கி."
"அப்ப இது உங்களைவிட அதிகம் நிக்கும்."

எரிச்சலாக வந்தது.
பணத்தை இரண்டு தரம் எண்ணினேன்.
ரோவேனா என்னைவிடக் குட்டை;
சீட்டைப் பின்னுக்குத் தள்ளினால்
அடித் தண்டவாளத்தில்
அவள் ஒன்பது வருடம் நின்ற இடம் மட்டும்
பளபளவென்றிருந்தது.
ஒரு பல் தள்ளி உட்கார்ந்தேன்.

கிளம்புமுன் பெல்ட்டை இழுத்தேன்.
மார்பைத் தாண்டி, மடியைத் தாண்டி, அடிவரை.
கறுப்பு.
கடைசிச் சாணும் கறுப்பு.

இறங்கிப் போய்ப்
பின் கதவை இன்னொரு முறை அறைந்தேன்.