முதலில் காய வேண்டியவை

தாமிரவருணி உள்ளே வந்து
மூன்று நாள் இருந்துவிட்டுப் போனது.
அடித்தட்டு இரண்டையும் வாசித்திருக்கிறது.
மேல்தட்டு எட்டவில்லை.
படப் புத்தகங்களைக் கீழே அடுக்கியது நான்தான்,
பிள்ளைகள் கைக்கு எட்டட்டும் என்று.

கொக்கிரகுளம் கிளை நூலகம்.
மாடியில் கொடி நாலு,
துணிக்கிளிப்பு முப்பத்தாறு,
நனைந்தவை எண்ணூற்றுச் சொச்சம்.
மார்கழி வெயிலோ
ரேஷன் கடைப் பாமாயில் மாதிரி,
வந்தால் வந்தது.

முன்பெல்லாம் யார் வந்து கேட்டாலும்
தடிமனாக ஒன்றை எடுத்து நீட்டி
'அருமையான நூல்' என்பேன்.
அதில் பாதியை நான் பிரித்ததே இல்லை.
ஆறு பிரித்துவிட்டது.
இப்போது
எதை முதலில் காயப்போட என்று நிற்கிறேன்,
பொய் சொல்ல வழியில்லாமல்.

முதல் கிளிப்பு யானைப் புத்தகத்துக்கு.
இசக்கிராசா, ஆறு வயது,
காலையிலிருந்து மாடிப்படியில் நிற்கிறான்.
சாயம் ஓடி யானை மஞ்சளாகிவிட்டது.
வேற தரட்டுமாடே என்றேன்.
'மஞ்ச யானைதான் வேணும்.
சாம்பலு கோயில்லயே நிக்கில்லா?'

அடுத்தது துப்பறியும் கதை.
ஆட்டோ மிக்கேல் அண்ணாச்சி
மழைக்கு முந்தின நாள் கொண்டுவந்து தந்தார்,
கடைசி நாற்பது பக்கம் பாக்கி,
நாளைக்கு வந்து முடிக்கேன் என்று.
என்ஜினுக்குள் தண்ணி ஏறிட்டு, பதினாறாயிரம் கேக்கான்
என்று சொல்லிக்கொண்டே வந்தவர்
அதே மூச்சில்
'கொன்னது அந்த டாக்டருதான?' என்கிறார்.
நாற்பது பக்கத்தையும்
ஊதி ஊதிப் பிரித்தேன்.
டாக்டர் இல்லை.
நான் சொல்லவில்லை.

மேலப்பாளையத்திலிருந்து
பாத்துமுத்து மதினி ஆள் அனுப்பியிருக்கிறாள்:
பனிக்கட்டி தேசத்துக்குப் போனவன் எழுதினது
பிழைச்சிருக்கா?
அங்கே ஏழு முறத்தில் இலையும் தூளும்.
ஒருத்தி வாசிப்பாள்,
அவள் பங்குப் பீடியை
மற்றவர்கள் சுற்றிக் கொடுப்பார்கள்.
வெள்ளைக் கரடி துரத்துகிற அத்தியாயத்தன்று
கட்டு குறைகிறதென்று
ஏஜெண்டு புகார் சொன்னாராம்.
பிழைத்திருக்கிறது மதினி.
கரடி மட்டும் கொஞ்சம் ஈரம்.

பேச்சித்தாய் போலீஸ் தேர்வுக்குப் படிக்கிறவள்.
கைடு தப்பித்தது, மேல்தட்டு.
கைடுக்குள் வைத்து வாசிப்பாளே
ஒரு கவிதைத் தொகுப்பு,
அதுதான் முழுகிவிட்டது.
எனக்குத் தெரியாதென்று நினைத்திருந்தாள்.
கொடியில் அது தொங்குவதைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்,
ஒன்றும் சொல்லாமல் போய்
கிளிப்பைச் சரிசெய்தாள்.

நயினார் ஐயா, எண்பத்தொன்று,
மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர்.
ஏழாம் வகுப்புக் கணக்கைத்தான் கேட்பார்.
படிப்பு ஏழில் நின்றுபோனதாம்.
ஒருமுறை ஒரு பக்தி நூலை எடுத்து நீட்டினேன்.
'அதுக்கு எனக்கு இன்னும் வயசாகல தாயி.'
பின்னங்கள் காய்ந்துகொண்டிருக்கின்றன ஐயா,
நாளை மறுநாள் வாருங்கள்.

மேலிடத்திலிருந்து படிவம் வந்திருக்கிறது.
வரிசை எண். விலை. சேதத்தின் தன்மை.
தன்மைக் கட்டத்தில்
'டாக்டர் இல்லை' என்று எழுதப்போய்
அடித்தேன்.

சாயங்காலம்,
வண்டல் அள்ள வந்த மாடத்தி
மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டு
தள்ளிப்போட்ட குவியலிலிருந்து
ஒன்றை உருவினாள்.
அட்டை இல்லை.
முதல் பதினாறு பக்கம் இல்லை.
முந்தானையால் துடைத்தாள்.

'இது சின்னப்பிள்ளையளுக்கா, பெரியாளுக்கா?'
தெரியலையே.
'நல்லாருக்குமா?'

இருபத்திரண்டு வருட சர்வீஸ்.
வாய்வரை வந்துவிட்டது
அருமையான நூல்.
விழுங்கிக்கொண்டு
படிச்சிட்டு நீங்க வந்து சொல்லுங்க என்றேன்.

புதுப் பதிவேட்டில் முதல் வரி.
உறுப்பினர்: மாடத்தி.
நூலின் பெயர்:
பேனாவைப் பிடித்தபடி நின்றேன் கொஞ்ச நேரம்.
'பதினேழாம் பக்கத்திலிருந்து'
என்று எழுதிக் கொடுத்தேன்.