நாற்பத்தொன்றாவது மீன்

இரண்டு சொத்தை. பல்லுக்கு நாற்பது யூரோ.
மருத்துவமனை வாசலில் பனி சேறாகிக் கிடந்தது.
திரும்பும் வழியிலேயே வாங்கிவிட்டேன்
கைப்பிடியில் நீல விளக்கு எரியும் அந்தப் பிரஷ்ஷை.
சொத்தை இரண்டையும் சேர்த்தாலும்
அதைவிட விலை அதிகம்.
பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தேன்.

அன்றிரவு என் கைபேசிக்குள்
ஒரு நீர்நாய் குடிவந்தது.
ஸ்மில்தே இரண்டு நிமிடம் தேய்த்தால்
அதன் வாயில் ஒரு மீன் விழும்.
ஐம்பது நாள் விடாமல் விழுந்தால்
அதற்கொரு சிவப்புப் படகு.
ஒரு நாள் தவறினாலும்
எண்ணிக்கை பூஜ்யம்.

பிரஷ் என்றாலே
அலமாரிக்குள் ஒளிகிறவள்
சாப்பிட்ட தட்டை வைத்துவிட்டு ஓடினாள்.
அவ்ரிமாஸ் சிரித்தான்:
"ஆறு வருஷமாக நாம் கெஞ்சியது
அந்த நாய்க்கு ஒரு மீன் செலவு."

கிளைப்பேதா படகுத்துறையில் எனக்கு வேலை.
மணல்திட்டுக்குப் போகிறவர்களின்
டிக்கெட்டைப் பார்க்க வேண்டும்.
டிக்கெட் இல்லாதவர்கள்தான்
கண்ணை நேராகப் பார்ப்பார்கள்.
இரண்டு படகுகளுக்கு இடையில்
கையுறையைக் கழற்றி, கைபேசி திறந்து,
மகளின் வாய் வரைபடத்தைப் பார்ப்பேன்.
தேய்த்த இடம் பச்சை,
விட்ட இடம் சாம்பல்.
கீழே, இடப்பக்கக் கடைவாய்
எப்போதும் எங்கள் டிசம்பர் வானம்.

பத்தொன்பதாம் நாள்
எல்லாமே பச்சை.
மறுநாளும்.
அதற்கு மறுநாளும்.
ஆறு வயது வாய்
அவ்வளவு ஒழுங்காக இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை கதவிடுக்கில் பார்த்தேன்.
வாஷ்பேசின் குழாயை விளக்கிக்கொண்டிருந்தாள்.
அவசரமே இல்லை.
மேல்புறம், கீழ்ப்புறம்,
வளைவின் உட்பக்கம்.
குழாய் மினுமினுத்தது.
மீன் விழுந்தது.

உள்ளே போய் அதட்டியிருக்கலாம்.
எண்ணிக்கை இருபத்தாறாகியிருந்தது.
மெல்ல நகர்ந்துவிட்டேன்.

நாற்பத்தொன்றாம் நாள்
ஷவ்லேயில் அவள் அத்தைமகனின் பிறந்தநாள்.
திரும்பும்போது காரிலேயே தூங்கிவிட்டாள்,
கடைவாயில் கேக்கின் கிரீம் காய்ந்திருக்க.
படுக்கையில் கிடத்தினேன்.
மணி பதினொன்று ஐம்பத்தொன்று.
நீர்நாய் வாயைத் திறந்தபடி
என்னையே பார்த்தது.

தலையை மட்டும் மாற்றினேன், சத்தியமாக.
கதவைத் தாழிட்டு
என் பல்லை விளக்கினேன் இரண்டு நிமிடம்,
அவள் கணக்கில்.
"சபாஷ், ஸ்மில்தே!" என்றது கைபேசி.
முப்பத்தெட்டு வயதில், வாய் நிறைய நுரையோடு,
அந்தச் சபாஷைத் துப்ப மனமில்லாமல்
கொஞ்ச நேரம் நின்றேன்.

காலையில் திரையைப் பார்த்தாள்.
"நான் தூங்கிட்டேனே," என்றாள்.
அப்புறம் என்னைப் பார்த்தாள்.
நான் அவள் கண்ணை நேராகப் பார்த்தேன்.

நாற்பத்தெட்டாம் நாள் ஆப்பிளில்
முன்பல் ஒன்று மாட்டிக்கொண்டு வந்தது.
அன்றிரவு வரைபடத்தில்
அந்தப் பல்லும் பளிச்சென்று பச்சை.
"இங்கே பல்லே இல்லையே!"
ஓட்டைக்குள் நாக்கை விட்டுக் காட்டினாள்.
"அம்மா, அதுக்குக் கண்ணே இல்ல."
சிரித்துச் சிரித்து விக்கல் வந்தது.
நானும் சிரித்தேன்,
கொஞ்சம் தாமதமாக.

படகு வந்தது ஐம்பதாம் நாள்.
சிவப்பு, சொன்னபடியே.
அரை நிமிடம் பார்த்துவிட்டுக்
கைபேசியை என்னிடம் கொடுத்தாள்.

அடுத்த வாரம் பிரஷ்ஷில் சார்ஜ் தீர்ந்தது.
சார்ஜர் எங்கே போனதென்று
அவ்ரிமாஸுக்கும் தெரியவில்லை.
எண்ணிக்கை பூஜ்யமாகப் போகிறதென்று
எனக்குத்தான் வயிற்றைப் பிசைந்தது.

குளியலறைக்குள் மோட்டார் சத்தம் இல்லை.
சும்மா ஒரு கை, சும்மா ஒரு பிரஷ்.
நுரைக்குள்ளிருந்து அவள் குரல்:
அறுபத்தெட்டு, அறுபத்தொன்பது, எண்பது…
பத்தை முழுசாய் விழுங்கிவிட்டாள்.
நான் திருத்தவில்லை.

அவள் போனபின் முகம் கழுவப் போனேன்.
குழாய் முழுக்க வெள்ளைக் கறை,
பல நாளாக
யாரும் விளக்காத கறை.