மீட்டரில் ஏறாத தூரம்

ஆற்றுக்கு அப்பால் சாலை இல்லை.
மூன்று நாள் மழை பாலத்தைக் கொண்டுபோயிருந்தது.
மிச்சம் நான்கு மரத்தூண்கள்;
ஒன்றின் தலையில் யாரோ கவிழ்த்த ரப்பர் பூட்ஸ்.

"ரயிலில் போட்டுக் கொண்டுபோவோம்" என்றாள் ரிம்மா,
பின்சீட்டில் இருந்தபடியே,
ஹெல்மெட்டுக்குள் புகுந்த கொசுவோடு சண்டை போட்டுக்கொண்டு.
என் கணவனின் முதல் மனைவி.

வண்டி சோக்தோவுடையது.
அவன் திண்டாவில், ஆஸ்பத்திரிக் கட்டிலில்,
காலில் மாவுக்கட்டோடு.
கட்டுப் பிரித்த அன்றே ஓட்டிக்கொண்டு வீடு திரும்புவானாம்.
வண்டியைக் கொண்டுவரச் சொல்லி
இரண்டு பேருக்கும் ஒரே செய்தியை அனுப்பியிருந்தான்.
எனக்கு வந்ததில் பெயரை மாற்ற மறந்திருந்தான்:
'அன்புள்ள ரிம்மா.'

சண்டை போடலாம் என்றுதான் அவள் வீட்டுக்குப் போனேன்.
அவள் அதற்குள் ஸ்பேனர்களை
ஒரு பழைய காலுறையில் போட்டுக்கொண்டிருந்தாள்.
எனக்கு ஓட்டத் தெரியும்.
வண்டிக்கு எங்கே வலிக்கும் என்று அவளுக்குத் தெரியும்.
இரண்டு நாள் சேற்றில் வந்தாயிற்று;
என் இடுப்பை ஒருமுறையும் தொடவில்லை.
கேரியர் கம்பியைப் பிடித்தே
எல்லாப் பள்ளத்தையும் முதுகில் வாங்கிக்கொண்டாள்.

நோவி உவோயானில் சரக்கு யார்டு.
எஃபீம் என்றொரு ஆள், சூரியகாந்தி விதை மென்றபடி
காகிதத்தில் எழுதினான்:
மோட்டார் சைக்கிள், ஒன்று. ஆட்கள், இல்லை.
"நாங்கள்?" என்றேன்.
"உங்களை நான் பார்க்கவில்லையே" என்றான்,
எங்களைப் பார்த்தபடி.

திறந்த வேகன். முன்னால் குழாய்கள், பின்னால் குழாய்கள்.
நடுவில் வண்டி, நாலு கயிறு,
பழக்கத்தில் அதன்மேலேயே ஏறி உட்கார்ந்த இருவர்.
ரயில் ஒரு வெட்டு வெட்டி இழுத்ததும்
என்னை அறியாமல் கிளட்சைப் பிடித்தேன்.
ரிம்மா சிரித்தாள். இரண்டு நாளில் முதல் சிரிப்பு.
லார்ச் மரங்கள் ஓடின, ஓடைகள் ஓடின,
எங்கள் சக்கரம் மட்டும் அசையவில்லை.
வளைவு வந்தபோது இருவரும் சாய்ந்தோம்,
சாய வேண்டியதில்லை என்று தெரிந்தும்.

டின் பாலைக் கத்தியால் குத்திக் கொடுத்தாள்.
"அவனுக்கு இதை ஊற்றினால்தான் டீ..."
"தெரியும்" என்றேன்.
"தெரியுமா" என்றாள்.
அதோடு முடிந்தது.

பிறகு சுரங்கம்.
பதினைந்து கிலோமீட்டர்.
கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான்.
கழுத்தில் சொட்டிய நீர் வெதுவெதுப்பாக இருந்தது;
மலைக்குள் எங்கோ யாரோ உலை வைத்ததுபோல.
பயந்துதான் சாவியைத் திருப்பினேன். ஹெட்லைட்.
குழாய் வாய்களில் நூறு வளையங்கள் தீப்பிடித்தன.
நின்ற வண்டியில் உட்கார்ந்து
மலையை ஓட்டிக்கொண்டு போனேன்.

கண்ணாடியில் ரிம்மாவின் வாய் அசைந்தது.
நிறையப் பேசினாள்.
இரும்பும் பாறையும் சேர்ந்து தின்றன,
எனக்கு ஒரு சொல் மிச்சமில்லை.
தலையாட்டினேன்;
சரி என்றா, கேட்கவில்லை என்றா,
எனக்கே தெரியாது.
புறங்கையால் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.
மலைநீராக இருக்கலாம்.

தக்சிமோவில் விடிந்தபோது பேட்டரி செத்திருந்தது.
"உன் வெளிச்சத்தால் வந்தது" என்று திட்டிக்கொண்டே
சாய்பலகையில் தள்ளினாள்.
லைன்மேன்கள் இருவர் தள்ளினார்கள்,
ஒரு நாய் தன் பங்குக்குக் குரைத்தது.
இரண்டாம் கியரில் கிளட்சை விட்டேன்.
தும்மியது. தும்மியது. பிடித்துக்கொண்டது.
நிறுத்தப் பயந்து மெல்ல உருட்டினேன்;
ஓடிவந்து தாவி ஏறினாள்.
எதைப் பிடித்துக்கொண்டாள் என்று சொல்லமாட்டேன்.

இன்னும் எண்ணூறு கிலோமீட்டர்.
சோக்தோ முத்தத்துக்கு முன்னால் மீட்டரைப் பார்ப்பவன்.
வீட்டிலிருந்து திண்டா எவ்வளவு என்று மனப்பாடம் அவனுக்கு.
இருநூற்றுச் சொச்சம் குறைகிறதே, எங்கே என்பான்.

நான் ரிம்மாவைப் பார்ப்பேன்.
அவள் ஸ்பேனர்களை எண்ணிக்கொண்டிருப்பாள்.