மூன்றாம் வரிசை, இரண்டாம் வயலின்

காதில் வைக்கப் பஞ்சு தந்தார்கள்.
நான் வாங்கவில்லை.
குளச்சல் வலைக் கம்பெனியில் எட்டு வருடம்.
ஒரே தகரக் கூரைக்குக் கீழ் பதினாறு மெஷின்
முடிச்சுப் போட்டுப் போட்டு என் செவியைப்
பழக்கி வைத்திருக்கிறது.
தாணுவின் இரட்டைக்கால் டிரம் அதிர்ந்ததும்
நூல்கண்டு தீர்ந்துவிட்டதோ என்று
கை தானாக இடப்பக்கம் போனது.

நாகர்கோவில், ஐப்பசி, பள்ளிக்கூட மைதானம்.
மேடைக்கு மேலே தார்ப்பாய்,
தார்ப்பாய்க்கு மேலே
பெய்வதா வேண்டாமா என்று நிற்கும் வானம்.
நாங்கள் நாற்பத்திரண்டு பேர்.
மார்த்தாண்டம் கொயர்க்காரர்கள்,
சவ ஊர்வலத்துக்குப் போடும் அதே வெள்ளைச் சட்டையில்
இரட்சணிய சேனையின் மூன்று டிராம்போன்,
பஸ்ஸில் தனி டிக்கெட் எடுத்து
திருவனந்தபுரத்திலிருந்து வந்த இரண்டு செல்லோ.
எதிரே ஐந்து பேர், கறுப்பு பனியன்.
திரச்சிவால் என்று பெயர்.
அடிபட்டவன்தான் அப்படிப் பெயர் வைப்பான்;
விஜிலியஸின் கெண்டைக்காலில்
தழும்பு இருக்கிறது.

ஒத்திகை முதல் நாளே சண்டை.
அவர்களுக்கு நோட்டு வாசிக்கத் தெரியாது.
“ஏழு, ஏழு, அஞ்சு, பொறவு ஒரு சாட்டம்” என்றான் விஜிலியஸ்.
“சாட்டம்னா எத்தன பீட்டு?”
கோலும் கையுமாக நின்ற பிளசிங் ஜோயல் கேட்டான்.
“அது சாடும்போ தெரியும்டே.”
ஒரு மணி நேரம் மல்லுக்கட்டிய பிறகு
எல்லார் தாளிலும் பென்சிலால் எழுதச் சொன்னான் ஜோயல்.
எழுதினோம்,
இத்தாலிய வார்த்தைகளுக்கு நடுவே
சாட்டம் என்று.

ஆன்றோ பாடினான். பாடினான் என்பதா அதை?
ஐஸ் பிளான்டில் கட்டி உடைக்கிறவன் அவன்.
உடைக்கிறவன் குரலில்லை அது,
உடைகிற கட்டியின் குரல்.
முன்னால் பையன்கள் தலையைச் சுழற்றினார்கள்.
டிராம்போன்காரர் மனைவி
சேலைத்தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.
ஜெபமோ சிரிப்போ.

நாலாம் பாட்டில் ஜெனரேட்டர் செத்தது.
விளக்கு போயிற்று, தாள் போயிற்று,
நாங்கள் நின்றுபோனோம்.
எங்கள் பாட்டு தாளில் இருந்தது.
ஜனம் இருட்டைப் பார்த்து ஊளையிட்டு
மெல்ல ஓய்ந்தது.

அப்போது, எனக்கு இரண்டடி தள்ளி,
ஏதோ கிறுகிறுத்தது.
விஜிலியஸ் நிறுத்தியிருக்கவில்லை.
கரண்ட் போன கிட்டார்.
இவ்வளவு நேரம் நெஞ்செலும்பில் முட்டிய அது
தீப்பெட்டிக்குள் போட்ட பொன்வண்டு அளவுக்கு
ஏழு கம்பியில் சுரண்டிக்கொண்டிருந்தது.
வேறு யாருக்கும் கேட்டிருக்காது.
அவனுக்கே கேட்டதோ என்னவோ,
விரல் தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது.

வில்லின் நுனியை மட்டும் வைத்தேன்.
மூச்சைவிடத் தாழ்த்தி.
ஏழு.
ஏழு.
அஞ்சு.
இருட்டில் பார்க்க கோலும் இல்லை, முகமும் இல்லை.
சாடினோம்.
ஒரே இடத்தில் விழுந்தோம்.

யாரோ டீசல் ஊற்றினார்கள்.
வெளிச்சம் வந்ததும் வராததும்
செல்லோ ஓரிடம், டிராம்போன் ஓரிடம்,
ஜோயல் கோலை வைத்துக்கொண்டு
ஈ ஓட்டுகிறவன்போல் வீசினான்.
மூவாயிரம் பேருக்கும் அது பிடித்திருந்தது.
மழை கடைசிவரை வரவேயில்லை.
கழற்றிச் சுருட்டும்போது விஜிலியஸ்
வயர்களை மிதித்துக்கொண்டு என்னிடம் வந்து,
“ஒங்க கிட்ட பிளேடு உண்டுமா?
இந்த டேப்ப அறுக்கணும்” என்றான்.
இருந்தது. கொடுத்தேன்.

காலை ஆறு மணி ஷிப்ட்.
காதுக்குள் இன்னும் ஙஙங என்று
ராத்திரியின் மிச்சம்.
ஒன்பதாம் மெஷினில் நூலை மாட்டிவிட்டு
ஏழு, ஏழு, அஞ்சு
என்று எண்ணிக்கொண்டிருந்தவள்
இழை அறுந்ததைப் பார்க்கவில்லை.
மத்தியானம் சூப்பர்வைசர் வலையைத் தூக்கி
வெளிச்சத்தில் பிடித்தார்.
ஒரு முடிச்சு விட்டிருந்தது;
கை நுழையும் ஓட்டை.
“ஏதோ ஒரு மீனுக்கு யோகம்” என்றேன்.
“சம்பளத்துல பிடிப்பேன்” என்றார்.